பாக்கியம் பிரசவ அறைக்கு வந்த கதை

மருத்துவச்சி வேலையில் பிள்ளை தானாக வந்துவிடும். தாயை ஆஸ்பத்திரி வாசற்படி ஏற்றுவதற்குள் நமக்குத்தான் இடுப்புவலி. தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் குப்பை கொட்டியவர்களுக்கு இது புரியும். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்களில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அதை நடத்திய துரை புதிதாகப் பிரசவ அறை கட்டித் தந்தார். நான் முதலில் கூப்பிட்டது கொழுந்து பறிக்கும் பாக்கியத்தை. அவளுடைய முதல் பிள்ளை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. அடுத்ததையும் அப்படிப் பறிகொடுக்க விடக்கூடாது என்பது என் பிடிவாதம்.

உயரக் கட்டில்

அறையில் இரும்புக் கட்டில் இடுப்பளவு உயரத்தில் நின்றது. பாக்கியம் பாயைத் தவிர வேறெதிலும் படுத்தறியாதவள். பயப்பட ஒன்றுமில்லை என்று நானே ஏறிப் படுத்துக் காட்டினேன். கட்டில் கிறீச்சிட்டு என் மானத்தை வாங்கியது. அவள் சிரிக்கவில்லை.

"புள்ள பெக்க ஏணி வச்சு ஏறணுமாங்க, மிஸியம்மா?"

வெள்ளை விரிப்பு

ஆசாரி கட்டில் கால்களை அறுத்துத் தாழ்த்திக் கொடுத்தார். அதன்மேல் துரையின் மனைவி துரைசாணி அனுப்பிய வெள்ளை விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டிப் பார்த்த மாமியார் மாரியாயி, மருமகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே ஓடினேன். மாரியாயி அடங்கிய குரலில் கேட்டாள்:

"பெத்துக்க வர்றவளுக்கு இப்பவே எதுக்குங்க கோடித்துணி?"

அடுப்பு

விரிப்பைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, வீட்டுக் கம்பளியையே கொண்டுவரச் சொன்னேன். மாரியாயி அதற்கும் மசியவில்லை. நெருப்பில்லாத அறையில், இந்தக் குளிரில், பெற்றவளுக்கு ஜன்னி கண்டுவிடுமாம். பிரசவ மருந்தான காயம் வறுத்து அரைத்துக் கொடுக்கவும் வழியில்லையாம். அடுப்புக் கேட்டுத் துரையிடம் போனேன். ஆஸ்பத்திரி என்ன சமைக்கிற குசினியா என்றார். கத்தரிக்கோலைக் கொதிக்கவைக்க வேண்டும் என்றதும் சம்மதித்துவிட்டார். பொய்யில்லை, பாதி உண்மை. அடுப்புக் கட்ட வந்த மேசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மி எந்தப் பக்கம் வருதுங்க?"

மழை நாள்

மலையில் கொழுந்தெடுக்கும்போதே பாக்கியத்துக்கு வலி கண்டுவிட்டது. கூட இருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்து, அவளைத் தாங்கிப் பிடித்து, லயத்துக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார்கள். மாரியாயியும் வந்து சேர்ந்தாள். எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன.

தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. பிள்ளை நீலம் பாரித்து அசையாமல் கிடந்தது. கொடியை விலக்கி, வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்தேன். கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு முனகல். பிறகு நல்ல அழுகை. நானும் கொஞ்சம் அழுதேன்.

மாரியாயி வாசலுக்கு ஓடி, மழையில் காத்து நின்ற பெண்களிடம், "தலைச்சன் ஆம்பளப் புள்ள" என்றாள். கண்ணை மூடிக் கிடந்த பாக்கியம் மெல்லச் சொன்னாள்:

"தலைச்சன் இல்லீங்க, அத்த. இது ரெண்டாவது."

பிள்ளையை எடுப்பதுதான் மருத்துவச்சியின் வேலை. அது எத்தனையாவது என்று எண்ணுவது பெற்றவளின் பாடு.