நெத்திலிக்கு இரண்டு மில்லி

எலும்பும் தோலுமாக ஒரு தெருப்பூனையைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? தட்டு நிறையச் சாப்பாடு வைப்பீர்கள்தானே?

வைக்காதீர்கள். பூனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அந்தத் தட்டை எடுத்து முதலில் ஓரமாக வையுங்கள். ஒரு தேக்கரண்டி போதும். பிறகு டாக்டரைத் தேடுங்கள். மிச்சத்தைக் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். நான் டாக்டர் இல்லை, மார்க்கெட்டிங் படித்தவள். ஆனால் சாப்பாட்டாலேயே ஒரு உயிர் போகப் பார்த்ததை மிக அருகில் இருந்து பார்த்தவள்.

டத்தோ கிராமாட் பக்கம், எங்கள் பிளாட்டுக்குக் கீழே லோங்காங் ஓரமாக அவள் கிடந்தாள். மழை பெய்து அந்தச் சாக்கடை நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்தேன். அவள் ஓடவில்லை. சீறவும் இல்லை. தெருப்பூனை ஓடவில்லை என்றால் அதுதான் முதல் அறிகுறி. அன்பு என்று நினைத்து ஏமாறாதீர்கள். ஓடத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

கையில் எடுத்தபோது ஒரு குடையைத் தூக்கியது போல இருந்தது. ஈரத் துணி, உள்ளே கம்பிகள்.

கிளினிக்கில் டாக்டர் நசீமா அவளைத் தராசில் வைத்தார். ஒன்றரை கிலோ. இந்த நீளத்துக்கு மூன்றரையாவது இருக்க வேண்டுமாம். ரத்தம் எடுத்தார், காது பார்த்தார், வயிற்றைத் தடவினார். தொற்று வைரஸ் எதுவும் இல்லை. வயிற்றில் புழு, உடம்பில் தெள்ளுப்பூச்சி, கொஞ்சம் ரத்தச்சோகை.

"பேர் என்ன?"

யோசிக்கவே இல்லை. "நெத்திலி."

"பெரிய நோய் ஒண்ணும் இல்ல பவி. பசிதான். ரொம்ப நாள் பசி."

"அப்ப ஈசிலா டாக்டர். நல்லா சாப்பாடு போட்டா ஏறிடும்."

"அதுதான்மா டேஞ்சரே" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார். "ரொம்ப நாள் மூடிக் கெடந்த நாசி கண்டார் சோத்துக் கடைய ஒரு நாள் திடீர்னு தொறந்து, மத்தியானக் கூட்டம் மொத்தத்தையும் உள்ள விட்டா என்னாகும்? கேஸ் இல்ல, தட்டு இல்ல, ஆள் இல்ல. கடையே ஒடஞ்சிடும். இவ ஒடம்பு இப்ப அந்தக் கடை."

அதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர் (நீண்ட பட்டினிக்குப் பிறகு வேகமாக உணவு கொடுத்தால், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் திடீரென்று செல்களுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோவது). முதல் சில நாட்கள்தான் கண்டம். தசை தளரும். ரத்த அணுக்கள் உடையும். இதயம் நின்றுகூடப் போகலாம்.

அவர் கொடுத்தது மாவுச்சத்து அதிகமில்லாத, கோழியிறைச்சியில் செய்த ஒரு டின். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. நாள் முழுக்கச் சேர்த்தாலும் அவள் தேவையில் கால்பங்குதான். வார்டில் இடமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். படிச்ச பிள்ளை, அளக்கத் தெரியாதா?

வீட்டில் இன்னொரு பிரச்சினை இருந்தது. தைப்பூசம் வந்துகொண்டிருந்தது. அம்மா பால்குடம் எடுக்க விரதம். வீட்டைக் கழுவி, மீன் சட்டியைக் கட்டிப் பரணில் ஏற்றியாகிவிட்டது. ஒரு முட்டைகூட உள்ளே வரக்கூடாது. நான் பூனையோடும் கோழி டின்னோடும் வாசலில் நிற்கிறேன்.

"என்ன பேரு வச்சிருக்க?"

"நெத்திலி."

"விரத வீட்ல மீன் பேரயா கூப்பிடுவ? வேற பேரே கெடைக்கலயா ஒனக்கு?" என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே ஒரு பழைய துண்டை எடுத்து நீட்டினார்.

ஒப்பந்தம் இப்படி முடிந்தது: பூனையும் டின்னும் என் அறைக்குள். கரண்டி தனி. அதைக் குளியலறையில்தான் கழுவ வேண்டும், சமையலறைப் பக்கம் வரக்கூடாது. அம்மா விரதம் முடியும் வரை அவளைப் "பிள்ள" என்றுதான் அழைத்தார்.

பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அண்ணன் தினேஷ், நான் சமையல் தராசில் உணவை நிறுப்பதைப் பார்த்துச் சிரித்தான். "எனக்கு முதுகு வலின்னா கோயோக் பிளாஸ்டர ஒட்டிட்டுப் போடாங்கிறாங்க. இதுக்கு நகைக்கடை மாதிரி நிறுக்குற!"

அவள் ஒவ்வொரு முறையும் நக்கி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதுதான் இந்தச் சிகிச்சையிலேயே கஷ்டம். இன்னும் ஒரு கரண்டி கொடுத்தால் என்ன என்று கை தானாகப் போகும். போக விடாதீர்கள். நான் டின்னை மூடிவிட்டு அறையை விட்டே போய்விடுவேன். மத்தியானம் நான் வேலையில் இருக்கும்போது வரும் வேளைக்கு மட்டும் தினேஷ் கொடுப்பான். நான் நிறுத்து வைத்துவிட்டுப் போவேன்.

மூன்றாம் நாள் காலை அவள் தலை தூக்கவில்லை.

தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கண் திறந்திருந்தது. நிற்க முயன்றாள், தாடை நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. கழுத்தில் நூல் அறுந்த பொம்மைபோல. மணல் தட்டைப் பார்த்தேன். சிறுநீர் பால் ஊற்றாத தே-ஓ நிறத்தில் இருந்தது.

ஷிப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த தினேஷ் சீருடைகூட மாற்றாமல் காடிச் சாவியை எடுத்தான். அம்மா மஞ்சள் சேலையோடு பின்சீட்டில் ஏறினார். நான் கூப்பிடவில்லை, அவராக ஏறினார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நெத்திலியின் விலா அசைகிறதா என்று குனிந்து பார்த்தேன். வேகமாக அசைந்தது. வேகமாக அசைவதும் நல்லதில்லை என்று பிறகு தெரிந்தது.

ரத்த முடிவு வந்ததும் டாக்டர் நசீமாவின் முகம் மாறியது. பாஸ்பேட் தரைமட்டம். பொட்டாசியமும் குறைவு, அதனால்தான் கழுத்து விழுந்திருக்கிறது. சிவப்பணுக்கள் உடையத் தொடங்கிவிட்டன (அந்தச் சிறுநீர் நிறம் அதனால்தான்).

"நான் சொன்ன அளவுதான் குடுத்தியா?"

"கிராம் கணக்கா டாக்டர். ஒரு சொட்டு கூடுதலா இல்ல."

"வீட்ல வேற யாராச்சும்?"

"யாரும் இல்ல. அண்ணே மத்தியானம் மட்டும் குடுக்கிறாரு, அதுவும் நான் நிறுத்து வச்சது."

தினேஷ் இரண்டு கைகளையும் தூக்கினான். "என்னப் பாக்காத. வச்சதக் குடுத்துட்டுப் போய்ப் படுத்துட்டேன்."

மருந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டு அம்மா சொன்னார். "ஒரு கைப்பிடிதான் டாக்டர்."

"என்னம்மா குடுத்தீங்க?"

"பால்சோறு. முருகனுக்குப் படைச்சது. கொஞ்சம் சீனி போட்டு. விரதத்துல வாயில்லா ஜீவனுக்கு ஒரு பிடி வைக்காம நான் கை நனைக்க மாட்டேன். எப்பவும் காக்காவுக்குதான் வைப்பேன். இப்ப பிளாட்ல வைக்கக் கூடாதுங்கிறாங்க, எச்சம் போடுதாம். இது வீட்டுக்குள்ளயே இருந்துச்சு… அவ்ளோ ஆசையாச் சாப்பிட்டுச்சு டாக்டர். தட்டையே தள்ளிக்கிட்டுப் போச்சு."

"ம்மா! நான் என்ன சொன்னேன் ஒங்ககிட்ட?" என் குரல் கிளினிக் வாசல் வரை கேட்டிருக்கும்.

"நீ கோழியத்தான அளந்து குடுக்கணும்ன? சோத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலயே?"

சொல்லவில்லைதான். சோறு ஒரு உயிருக்குக் கெடுதல் செய்யும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. கோழி டின் மருந்து. மருந்துக்கு அளவு உண்டு. சோறு சோறுதான். பட்டினி கிடந்த உடம்பில் மிக வேகமாக இன்சுலினை எழுப்புவது சோறும் சீனியும்தான் என்று டாக்டர் சொன்னபோது, அம்மா தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு மேலயும் கோவப்பட எனக்கு டைம் இல்ல" என்றார் டாக்டர். "ஒருத்தர ஒருத்தர் வெளில போய்த் திட்டிக்கிங்க. இவள எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

முன்காலில் ஊசி. பாஸ்பேட்டும் பொட்டாசியமும் கலந்த டிரிப், சொட்டுச் சொட்டாக. வேகமாக ஏற்றினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும். பி1 வைட்டமின் ஊசி. உணவு ஏறக்குறைய நிறுத்தம். சிவப்பணு இன்னும் இறங்கினால் வேறு பூனையின் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். பூனைகளுக்கும் ரத்த வகை உண்டு, பொருந்தாவிட்டால் அதுவே கொன்றுவிடும். கொடுக்க நல்ல கனமான, ஆரோக்கியமான ஒரு பூனை தயாராக இருக்கட்டும் என்றார்.

தினேஷ் போனை எடுத்தான். "பாகான் டாலாம்ல கூட்டாளி வீட்ல ஒண்ணு இருக்கு. பன்னிக்குட்டி சைஸ். தூக்கிட்டு வரவா?" கடல் பாலத்தைத் தாண்டிப் போய், துணிக்கூடையில் போட்டு, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிறு கட்டிக் கொண்டுவந்தான். அந்த ஆரஞ்சு நிறக் குண்டன் வழி முழுக்கக் கத்தியதாம். ரத்த வகை பொருந்தியது. கிளினிக் மூலையில் அவன் நெத்திலிக்காகக் காத்துக் கிடந்தான். அவனுக்கு அது தெரியாது.

மறுநாள் சிவப்பணு மேலும் கொஞ்சம் இறங்கியது. மாலை வரை பார்ப்போம் என்றார் டாக்டர். என் வேலை நேரம் முழுக்க நான் ஒரு போஸ்டரில் ஒரே எழுத்தைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை. அம்மா முந்தைய நாளும் சாப்பிடவில்லை, அன்றும் சாப்பிடவில்லை. அவருக்கு இனிப்பு நீர் நோய். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் இருந்தால் மயக்கம் வரும், முன்பு வந்திருக்கிறது.

"காக்காவுக்குக் கீழ கொண்டுபோயி வைக்கலாம்மா. நான் எடுத்துட்டுப் போறேன்."

"மனசு ஒப்பல."

"அவள டாக்டர் பாத்துக்கிறாங்க, ஒங்க ஒடம்ப யாரு பாக்குறது?"

"எங்கையால குடுத்துதான அது அப்படிக் கெடக்கு. அது வாயில ஒண்ணும் போகாம நான் எப்படிப் போட்டுக்குவேன்?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரதமா, சீனி இறங்கியதா, பயமா, எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு உயிர் பட்டினி கிடந்தது. ஒன்றுக்குக் கொடுத்தால் செத்துவிடும். இன்னொன்றுக்குக் கொடுத்தாலும் வாங்காது. பால்கனியில் நின்று டாக்டர் நசீமாவுக்கு அழைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

சிறிது நேரத்தில் அவரே திரும்ப அழைத்தார். "அம்மாகிட்ட குடு." ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, சிவப்பணு எறங்கறது நின்னுடுச்சு. ரத்தம் இப்ப ஏத்த வேண்டாம். இப்பதான் சிரிஞ்சில சாப்பாடு குடுத்தேன். முழுங்கிட்டா."

"எவ்ளோ?"

"ரெண்டு மில்லி."

"ரெண்டு மில்லின்னா?"

"அர ஸ்பூன் கூட இருக்காது. அவ சாப்பிட்டாம்மா. இப்ப நீங்க சாப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அம்மா எழுந்து, காலையில் படைத்த வாழைப்பழத்தை உரித்தார். பாதி வாயில் இருக்கும்போதே போனைப் பார்த்துக் கேட்டார். "அதுல என்ன டாக்டர் இருக்கு?"

"கோழிம்மா."

"சரி" என்றார் அம்மா. மீதிப் பழத்தைச் சாப்பிட்டார்.

குண்டன் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காமல் பாகான் டாலாமுக்குத் திரும்பினான். நெத்திலி வீட்டுக்கு வந்தபோது கழுத்து நின்றது. கால் இன்னும் பின்னியது. தினேஷின் ஷிப்ட் மாறிவிட்டது. எனக்கும் எடுக்க லீவு இல்லை. பகல் வேளைகளில் யார் கொடுப்பது?

"சிரிஞ்ச எப்படிப் புடிக்கணும், காட்டு" என்றார் அம்மா.

"விரதம்மா. கோழி."

"முருகன்ட்ட நான் பேசிக்கிறேன். நீ காட்டு."

ஒவ்வொரு வேளையும் அவளை மடியில் வைத்து, வாய் ஓரமாகச் சிரிஞ்சை நுழைத்து, சொட்டு சொட்டாகக் கொடுத்தார். கொடுத்த பிறகு தலைக்குக் குளித்தார். ஒரு நாளைக்கு இத்தனை முறை குளித்தால் சளி பிடிக்கும் என்றேன். அடுத்த வேளைக்குத் தண்ணீர் காயவைக்கச் சொன்னார். தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை ஏறிவிட்டு, கூட்டத்துக்கு நடுவிலிருந்து போன் செய்தார். மேளச் சத்தத்தில் கத்தினார்.

"குடுத்தியா?"

"குடுத்துட்டேன்!"

"எவ்ளோ?"

"அளவாத்தாம்மா!"

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். நீங்கள் எவ்வளவு கவனமாக அளந்தாலும், வீட்டில் இருக்கும் எல்லோரையும் உட்காரவைத்து, சோறும் சாப்பாடுதான், பாலும் சாப்பாடுதான், பிஸ்கட்டும் சாப்பாடுதான் என்று சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு ஒரு மெலிந்த உயிரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

எடை ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். முதுகெலும்பில் ஒரு முடிச்சு மறையும். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. எனக்கு இப்போது கிழமை தெரிவதில்லை, வேளைதான் தெரிகிறது. யார் முகத்தைப் பார்த்தாலும் கன்னத்துக்குக் கீழே எலும்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். அம்மாவின் மணிக்கட்டையும் அப்படித்தான் பார்க்கிறேன். என் வயிற்றில் பசி எழும்போது, முன்பு போல எரிச்சல் வருவதில்லை. உள்ளே எல்லாம் இடத்தில் இருக்கிறது என்று அது சொல்வதாகத் தோன்றுகிறது.

போன வாரம் டாக்டர் ரத்தம் பார்த்தார். உப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. சிறுநீரகத்தில் மட்டும் ஒரு எண் சற்று அதிகம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். அது என்னவாகும் என்று அவருக்கும் தெரியாது.

இப்போது மத்தியானம். நெத்திலி ஜன்னல் ஓரம் படுத்திருக்கிறாள். அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று தட்டில் பாதி மிச்சம் வைத்திருக்கிறாள்.