ஏரியில் தொலைந்த ஏ

அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கான எடை மேடை ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய சின்ன அறையில், எவ்வளவு துடைத்தாலும் வெள்ளைப் புழுதி படிகிற சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு கொடுப்பவர் உத்திராபதி. ஐம்பதைத் தாண்டிவிட்டார். கணக்கில் பட்டம் வாங்கியவர். படித்த கணக்குக்கும் பார்க்கிற கணக்குக்கும் சம்பந்தம் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். லாரி பாரத்தோடு வரும்போது ஒரு எடை, கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை, இரண்டையும் கழித்தால் வேலை முடிந்தது.

இளவயதில் அவர் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலைக்கு எழுதிப் போட்டார். எழுத்துத் தேர்வில் தேறினார். நேர்முகத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். வெளியே வரும்போது ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, தகவல் வரும் என்றார். வரவில்லை. நேரில் போய்க் கேட்டதற்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். தன்னை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. வேலை கிடைக்காதது கூட அவருக்கு ஆறிவிட்டது, காரணம் சொல்லாமல் விட்டது மட்டும் ஆறவில்லை. அதற்குப் பிறகு எதற்கும் ஏன் என்று கேட்கிற ஆளாகிவிட்டார். ரேஷன் கடையில் சர்க்கரை தாமதமானாலும் ஏன் என்பார், பஸ் பாதை மாறிப்போனாலும் ஏன் என்பார். அவர் மனைவி மலர்க்கொடி இதற்காகவே அவரோடு கடைத்தெருவுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

இப்படிப்பட்டவருக்குப் புதிர் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. கல்லூரியில் கூடப் படித்த அறிவழகன் பெரம்பலூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவர்தான் சில வருடங்களுக்கு முன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் உத்திராபதியைச் சேர்த்துவிட்டார். தினம் காலையில் குழுவில் ஒரே ஒரு சொற்புதிர் வரும். வாசிக்க ஏதோ ஒரு வாக்கியம் போல இருக்கும். அதன் ஒரு பகுதி விடையின் பொருளைச் சொல்லும், மீதிப் பகுதி விடையின் எழுத்துகளைப் பிரித்தும் சேர்த்தும் மறைத்தும் வைத்திருக்கும். அடைப்புக்குறிக்குள் விடையின் எழுத்து எண்ணிக்கை இருக்கும். அவர் பார்த்த முதல் புதிர் இது: "மரத்துக்குள் முடியாத கதவு, பச்சைக் கல் (5)."

அன்று பகல் முழுக்க லாரிகளுக்கு நடுவே அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். சாயங்காலம் விளக்கம் வந்தது. கதவு முடியவில்லை, அதனால் கடைசி எழுத்து இல்லை, மிச்சம் 'கத'. அதை 'மரம்' என்ற சொல்லுக்குள் வைத்தால் மரகதம். பச்சைக் கல். உத்திராபதி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஓர் எழுத்து கூட அங்கே சும்மா நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. உலகத்தில் இப்படியும் ஒன்று இருக்கிறதா என்று தோன்றியது அவருக்கு.

புதிர் போடுகிறவர் ஜெயங்கொண்டத்துச் செல்லப்பன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணம், விருத்தாசலம் என்று ஓடிய காலத்தில் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே மனசுக்குள் சொல்லைக் கிழித்துப் பழகியவர். விடையை அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். சாயங்காலம் சரியாகச் சொன்னவர்களின் பெயரைப் போடுவார். ஒரு வருடத்துக்குள் உத்திராபதியின் பெயர் தினமும் அதில் வந்தது. பிறகு செல்லப்பனே, விளக்கம் எழுதுகிற பொறுப்பை அவரிடம் கொடுத்தார். குழுவில் இருந்தவர்களுக்கு விடைதான் முக்கியம், விளக்கத்தைப் பலர் படிப்பதே இல்லை. ஆனாலும் உத்திராபதி ஒவ்வொரு எழுத்தும் எங்கிருந்து வந்தது என்று எழுதுவார். பாரத்தை நிறுத்து, காலி எடையைக் கழித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவதைப் போல.

போன வைகாசியில் ஒரு நாள் இந்தப் புதிர் வந்தது: "சேலைத் தலைப்பை ஏரியில் நனைத்தால் கொட்டை வெளியே தொங்கும் (4)."

பழத்துக்கு வெளியே கொட்டை தொங்குவது முந்திரி. ஜெயங்கொண்டத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்வார்கள். சேலைத் தலைப்பு என்றால் முந்தி. அதோடு ரி சேர்ந்தால் முந்திரி. பார்த்தவுடனே விடையை அனுப்பிவிட்டார் உத்திராபதி. குழுவில் ஏறக்குறைய எல்லோருமே அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் விளக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் இடித்தது. முந்தி சரி. ரி என்பது ஏரியிலிருந்து வருகிறது. அப்படியானால் ஏ எங்கே போயிற்று? ஏரியின் முதல் எழுத்தை எடுத்துவிடு என்று புதிரில் எந்தச் சொல்லும் சொல்லவில்லை.

அன்றைக்கு விளக்கம் எழுதவில்லை. ஒரு நாள் பொறுங்கள் என்று குழுவில் போட்டுவிட்டு யோசித்தார். தலைப்பு என்பது ஏரியின் தலைக்கும் பொருந்துமோ? பொருந்தாது, ஒரு சொல்லுக்கு ஒரு வேலைதான், அது செல்லப்பனே வகுத்த விதி. நனைத்தால் என்பதற்குக் கரைந்துபோகும் என்று பொருள் கொள்ளலாமோ? நனைகிறது சேலைத் தலைப்பு, கரைவது மட்டும் ஏரியா? ஏரி என்பதற்கு வேறு பொருள் உண்டா என்று அகராதியைப் புரட்டினார். மாட்டின் திமிலுக்கு ஏரி என்ற பெயர் இருப்பது தெரிந்தது. அதனால் ஏ போவதாக இல்லை.

செல்லப்பனிடமே தனியாகக் கேட்டார். "யோசிங்க தம்பி" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிக்கிற முகம்.

அந்தச் சிரிக்கிற முகம்தான் அவரைக் கெடுத்தது. அப்படியானால் காரணம் ஒன்று இருக்கிறது, தனக்குத்தான் எட்டவில்லை என்று நினைத்துவிட்டார். சாப்பிடும்போதும் ஏ, படுக்கும்போதும் ஏ. குழுவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கோடையில் ஏரி வற்றிவிட்டது, அதனால் பாதிதான் மிச்சம் என்று ஒருவர் எழுத, அதற்கு நிறையப் பேர் கைதட்டினார்கள். அறிவழகன் போனில் கூப்பிட்டு, விடைதான் வந்துவிட்டதே, விட்டுத் தொலை என்றார். உத்திராபதிக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆள் எடுத்தாகிவிட்டது என்று ஆலையில் சொன்னது போலவே இருந்தது அது.

மலர்க்கொடியிடமும் சொல்லிப் பார்த்தார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அரிசியில கல்லு கெடந்தா பொறுக்கிப் போட்டுட்டு ஒலை வெக்கறதுதானங்க? கல்லு எப்படி வந்துச்சுன்னா கேட்டுக்கிட்டு இருப்பாங்க?" என்றாள். அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அதே வாரத்தில் வேலையிலும் வழுக்கினார். கல்லைக் கொட்டிவிட்டு மேடைக்கு வந்த ஒரு லாரிக்கு எடை போடாமலே கையைக் காட்டி அனுப்பிவிட்டார். வண்டி செந்துறையைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. போன் போட்டுத் திரும்ப வரச் சொன்னார்கள். டிரைவர் முருகையன் வண்டியை மேடைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு, கீழே இறங்காமலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மேனேஜர் மட்டும் திட்டினார். என்ன யோசனையில் இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, உத்திராபதியால் முந்திரி என்று சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறினார். செல்லப்பனை அதுவரை நேரில் பார்த்ததில்லை. ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பைப் பார்த்தாற்போல் வீடு. மெலிந்த ஆள், எழுபதுக்கு மேலிருக்கும். காலை அகட்டி வைத்து நிற்கிற நிற்பில் ஓடுகிற பஸ்ஸில் நின்ற பழக்கம் இன்னும் தெரிந்தது. பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, "உள்ள வாங்க தம்பி, வெளக்கம் எழுதறவரு நம்ம வூட்டுக்கே வந்துட்டீங்களே" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். மருமகளைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். பழைய புதிர்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகப் பேசினார்கள். மரகதத்தை எந்த ஊர் நிறுத்தத்தில் வைத்து யோசித்தார் என்று கூடச் சொன்னார் செல்லப்பன்.

டீ குடித்து முடித்ததும் உத்திராபதி கேட்டார். "அண்ணே, அந்த ஏ என்னண்ணே ஆச்சு?"

செல்லப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். வாசலைப் பார்த்தார்.

"அது தப்புதான் தம்பி. போட்ட கொஞ்ச நேரத்துலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. திருத்தலாம்னு பாக்கறதுக்குள்ள ஆளாளுக்கு விடைய அனுப்பிட்டாங்க. சரி, யாரும் கேக்கல, போவட்டும்னு விட்டுட்டேன்."

"நான் கேட்டனே. யோசிங்கன்னு சொன்னீங்களே."

"நீங்களும் ரெண்டு நாள்ல விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

திறக்கவே திறக்காத கதவை உத்திராபதி அத்தனை நாள் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஆனாலும் காரணம் கிடைத்துவிட்டது. அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியில்தான் அவர் அடுத்ததைச் சொன்னார். ஒன்றும் பெரிய தப்பில்லை, ஒரே ஒரு சொல் போதும், 'சேலைத் தலைப்போடு தலை மூழ்கிய ஏரி' என்று போட்டிருந்தால் ஏ போயிருக்கும், தண்ணீருக்கும் பொருத்தமாக இருந்திருக்கும் என்றார். பஸ்ஸில் வரும்போது தோன்றியது அது. உதவியாக நினைத்துத்தான் சொன்னார்.

செல்லப்பனின் முகம் மாறியது. தப்பை ஒப்புக்கொண்டபோது கூட அவ்வளவு வாடவில்லை. வாய்க்குள் அந்த வரியை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது, அதுதான் வினை. பிறகு அவர் பேசியதில் சூடு இருந்தது. தினம் ஒன்று யோசித்துப் போடுகிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும், வந்ததை நிறுத்துப் பார்க்கிறவனுக்குத் தெரியாது என்றார். நாலு பேர் காலையில் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கத்தான் புதிர், கல் லாரிக்குச் சீட்டுப் போடுவதற்கில்லை என்றார். அதில் பாதி நியாயம் என்றுகூட உத்திராபதிக்குத் தோன்றியது.

கிளம்பும்போது வாசல்வரை வந்த செல்லப்பன் குரலைத் தணித்துக்கொண்டு, ஏரி நனைந்தால் ஏ கரையும் என்று ஏதாவது எழுதி முடித்துவிடும்படி கேட்டார். தப்பு என்று வந்துவிட்டால் நாளைக்கு எல்லாப் புதிரிலும் சந்தேகம் வரும் என்றார். உத்திராபதி தலையாட்டினார். அது சரி என்பதற்கா, பார்க்கலாம் என்பதற்கா என்று அவருக்கே தெரியவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினார். முந்தி என்றால் சேலைத் தலைப்பு. ஏரியிலிருந்து ரி. ஏரி நனைந்தால் ஏ கரையும். எழுதியதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. கடைசி வரியை அழித்துவிட்டு, 'ஏ என்ற எழுத்துக்கு விளக்கம் இல்லை, புதிரில் பிழை' என்று எழுதி அனுப்பினார். ஜெயங்கொண்டம் போனதைச் சொல்லவில்லை, செல்லப்பன் ஒப்புக்கொண்டதையும் சொல்லவில்லை.

குழுவில் எதுவும் நடக்கவில்லை. இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஒருவர், இன்னுமா சார் இது ஓடிக்கிட்டு இருக்கு என்று கேட்டார். மறுநாள் காலைப் புதிருக்குக் கீழே, இனி விளக்கத்தை நம் குழுவில் உள்ள பூலாம்பாடி வெற்றிச்செல்வி எழுதுவார் என்று ஓர் அறிவிப்பு இருந்தது. ஏன் என்று போடவில்லை. வெற்றிச்செல்வி நன்றாகத்தான் எழுதினாள், இரண்டே வரி. அவளுடைய விளக்கங்களை எல்லோரும் படித்தார்கள்.

உத்திராபதி சில நாள் குழுவைத் திறக்கவில்லை. மேடையில் லாரி இல்லாத நேரங்களில் சும்மா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சும்மா இருப்பதைப் பார்க்க மலர்க்கொடிக்கே பொறுக்கவில்லை. "பேசாம அந்தக் கண்டக்டருக்கு நீங்களே ஒரு போனப் போடுங்க" என்றாள். அவர் போடவில்லை.

பிறகு ஒரு நாள் விடிகாலையில், குழுவில் இல்லாமல் அவருக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. செல்லப்பன்தான். அன்றைய புதிர், விடை, விளக்கம் மூன்றும் இருந்தன. "எழுத்து எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று ஒரு வரி. மன்னிப்பும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. உத்திராபதி பார்த்தார், ஓர் எழுத்து இடறியது, சொன்னார். திருத்தப்பட்ட புதிர் ஏழு மணிக்குக் குழுவில் வந்தது. அவர் பெயர் எங்கேயும் இல்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். இப்போது தினமும் வருகிறது. குழுவில் வருகிற புதிர்களில் எந்த எழுத்தும் அநாதையாக நிற்பதில்லை, செல்லப்பன் முன்னைவிட நன்றாகப் போடுகிறார் என்று அறிவழகனே சொன்னார். உத்திராபதி கேட்டுக்கொண்டார். காரணம் எல்லாம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் அவர் புதிர் அவிழ்த்து மாதக்கணக்காகிறது. முடியாது என்று எழுதிவிட வேண்டும் என்று நினைப்பார். அதற்குள் அடுத்தது வந்திருக்கும், அதில் ஏதாவது ஓர் எழுத்து இடறும், எப்படி விடுவது.

நேற்றுக் காலை வந்தது இது: "கரும்பின் தலையோடு விதை ஊன்றப் புலவனுக்குக் கிடைக்கும் விளைச்சல் (3)." நல்ல புதிர். லாரிகள் வருவதற்குள் தானே யோசித்துப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு, கீழே இருந்த விடையைக் கட்டைவிரலால் மறைத்தார். விரலுக்கு முன்னால் கண் போய்விட்டிருந்தது. க, விதை, கவிதை. சரியாகத்தான் இருந்தது. சரி என்று அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தார்.