கை வைக்காத டீச்சர்

முன்னறையிலிருந்து டேப் இழுபடும் சத்தம் கேட்டது. சர்ரென்று ஓர் இழுப்பு, பிறகு பல்லால் கடித்து அறுக்கும் நறுக். அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த டீச்சரின் நெஞ்சில் அந்த ஓசை இடியாக இறங்கியது. முன்னறையில் இருந்தவை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த காகிதப் பாலங்கள். கூட இருந்தவர் அவளுடைய கணவர். பாலங்களுக்கும் அவருக்கும் நடுவே டேப்புக்கு எந்த வேலையும் கிடையாது.

தொடக்கப் பள்ளியில் செய்முறை அறிவியல் நடத்துகிறவள் அவள். வாரத்துக்கு ஒரு மணி நேரம். பலூனை நூலில் ஓட விடுவது, முட்டையைப் பஞ்சில் சுற்றி மாடியிலிருந்து போடுவது என்று எதையும் முதலில் வீட்டில் செய்து பார்த்துவிடுவாள். கல்யாணமான புதிதில், கணவரின் சட்டைப் பையில் முட்டையை வைத்து, மாடிப்படியில் குதித்துக் குதித்து இறங்கச் சொன்னாள். அவர் இறங்கினார். சட்டை போயிற்று. தாம்பத்தியம் நிலைத்தது.

வகுப்பில் அவளுக்கு ஒரே விரதம்தான். பிள்ளைகள் செய்வதில் கை வைக்க மாட்டாள். கை சும்மா இருக்காது என்று தெரிந்ததால், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பாள். கோணலாக ஒட்டினால் கோணல். கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். "ஏன் விழுந்துச்சு?" என்று மட்டும் கேட்பாள். ஆசிரியர்கள் அறையில் அவளுக்கு உடைசல் டீச்சர் என்று பெயர். பெற்றோர்களும் முறையிட்டிருந்தார்கள்: ஒரு பொருளாவது முழுசாக வீடு வந்து சேர்ந்ததில்லையாம்.

அதனால்தான் தலைமையாசிரியர் அந்த ஒரு மணி நேரத்தைக் கையெழுத்துப் பயிற்சிக்குக் கொடுத்துவிட நினைத்தார். "கடைசியா ஒரு தடவை பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்றார். வகுப்பறையில் வெள்ளையடிப்பு நடந்ததால் பாலங்கள் டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தன. பார்ப்பதற்கு அவரும் அன்று மாலை வருகிறார்.

அவள் முன்னறைக்கு ஓடினாள். கணவர் தரையில் சம்மணமிட்டு, கடைசிப் பாலத்தை மடியில் வைத்திருந்தார். அவர் சோபா செய்கிறவர். பக்கத்தில் பசை டப்பாவும், பழைய குடைகளிலிருந்து பிடுங்கிய கம்பிகளும் கிடந்தன.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் கிழட்டுக் குதிரை முதுகு மாதிரி குழிஞ்சு கிடந்துச்சு. பெரிய சார் வர்றாரு, உன் மானம் போயிடக் கூடாதேன்னு..."

"எத்தனை பாலத்துல கை வச்சீங்க?"

"எல்லாத்துலயும்தான். ஒருத்தன் பாலத்துக்கு மட்டும் செஞ்சா மத்த பிள்ளைங்க மனசு நோகாதா?"

"சோபா பசையா?"

"நல்ல பசை. மூணு பேர் உட்காந்தாலும் தாங்கும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குள் கதவு தட்டப்பட்டது.

தலைமையாசிரியர் வந்தார். டீயை வாங்கி ஓரமாக வைத்தார். இரண்டு செங்கல்லுக்கு நடுவே இருந்த ஒரு பாலத்தின் மேல் தன் தோல் பையை வைத்தார். அசையவில்லை. உள்ளங்கையால் அழுத்தினார். பிறகு எழுந்து நின்று முழங்கையால் அழுத்தினார். செங்கல்தான் நகர்ந்தது.

"டீச்சர், ஒரே ஒரு நியூஸ்பேப்பர் தாள்லயா இது?"

"பிள்ளைங்களுக்குக் குடுத்தது ஒரு தாள்தான் சார்."

"நான் எதிர்பார்க்கவே இல்ல. கையெழுத்து கிடக்கட்டும். அந்தப் பீரியடு உங்களுக்கே."

கணவர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வாழ்நாளில் ஆசைப்பட்ட ஒரே மணி நேரம், தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. நன்றி சார் என்ற இரண்டு சொல் போதும். அவள் வாயைத் திறந்தாள்.

"உள்ள குடைக்கம்பி இருக்கு சார். வச்சது என் வீட்டுக்காரர்."

தலைமையாசிரியர் குனிந்து பாலத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"டிசைன் பிள்ளைங்களோடதுதான் சார்" என்றார் கணவர். "நான் சும்மா உள்ள மட்டும்..."

"நீங்க கொஞ்சம் இருங்க" என்ற தலைமையாசிரியர் டீச்சரிடம் திரும்பினார். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிடும் சார். திங்கக்கிழமை பாலத்து மேல ஒவ்வொரு கல்லா அடுக்கி உடைக்கறதாப் பேச்சு. இது உடையாது."

"உடையறதுக்கா செய்யச் சொன்னீங்க?"

"எந்த இடத்துல உடையுதுன்னு பார்க்க சார். அப்பதான் அடுத்த தாளை எங்க மடிக்கணும்னு அதுங்களுக்குப் புரியும்."

அவர் ஆறிப்போன டீயை எடுத்து முழுவதும் குடித்தார்.

"நான் குடுத்த வாக்கு இந்தப் பாலத்துக்கு. இது பிள்ளைங்களோடது இல்லைன்னா வாக்கும் இல்ல" என்றார். டீச்சர் தலையாட்டினாள். "திங்கக்கிழமை திரும்பச் செய்யட்டும். நான் வந்து உட்காந்து உடையறதைப் பார்க்கறேன். பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

"சரிங்க சார்."

"இவரும் வரணும். யார் யார் பாலத்துல கை வச்சாருன்னு பிள்ளைங்க முன்னாடி இவரே நின்னு சொல்லணும்."

கணவரின் முகம் வெளுத்தது. "மொத்த வகுப்புக்குமா சார்? மன்னிச்சு விட்டுடுவாங்களா?"

"மத்த பிள்ளைங்க எப்படியோ தெரியாது. இப்ப நான் அழுத்திப் பார்த்தேனே, பச்சைக் கலர் அடிச்சது, அது என் பேத்தியோடது. நேத்துச் சாப்பாட்டுத் தட்டையெல்லாம் நகர்த்திட்டு எனக்கு வரைஞ்சு காட்டினா."

"பேத்தி கோவக்காரங்களா சார்?"

"அவ கிட்ட முதல்ல சொல்லிடுங்க. மத்தது சுலபம்" என்று பையை எடுத்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். டீச்சர் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.