பிளேஸ்டோவிலிருந்து டூட்டிங்குக்கு இரண்டு கோல் வலைகள்

காலை 8.10, பிளேஸ்டோ. மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. தோளில் ஒரு பெரிய நீலப் பை. அதற்குள் இரண்டு கோல் வலைகள், ஒரு சுருள் நைலோன் கயிறு, கயிறு வெட்ட ஒரு நகவெட்டி. இந்த நகரத்தில் கத்தியோடு ரயிலேற ஏலாது. எனக்குப் பந்து விளையாட வராது. யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் லண்டன் பழைய மாணவர் அணிக்கு இந்த வருடம் நான் செயலாளர், அவ்வளவுதான். அணி இந்நேரம் லூட்டன் பக்கம், முப்பத்தைந்து மைல் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. நான் மட்டும் வலையோடு தெற்கே போகிறேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் கல்லூரிக்கும் மற்றக் கல்லூரிக்கும் இடையில் ஒரு தெருதான். நாங்கள் அவர்களை 'அங்காலப் பக்கம்' என்போம், அவர்களும் எங்களை அப்படியே சொல்வார்கள். லண்டனிலும் வருடா வருடம் இந்த ஞாயிறன்று இரண்டு பக்கத்துப் பழைய மாணவரும் மோதுவார்கள். தோற்ற பக்கம் அடுத்த வருடம் வலை கொண்டுவந்து கட்ட வேண்டும். வென்ற பக்கம் ஏணி பிடிக்கும், பிடிக்கிற சாட்டில் ஆட்டியும் விடும். போன வருடம் தோற்றது நாங்கள்.

இந்த வருடம் அந்த ஆட்டமே இல்லை. பழைய மாணவர் அணிகளின் ஆட்டங்களை நடத்தும் கமிட்டி, இருந்த ஒரு லீக்கைத் தேம்ஸ் ஆற்றோடு வெட்டி இரண்டாக்கிவிட்டது. ஆற்றுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. ஆட்டங்களை நேரலையாகக் காட்ட ஒரு வீடியோக்காரர் வந்தாராம். லீக் சிறிதானால் பெரிய அணிகள் ஒன்றோடொன்று இரண்டு தரம் மோதலாமாம், அப்படி மோதினால்தான் ஆட்கள் பார்ப்பார்களாம். இரண்டு லீக்குக்கும் ஒரே ஞாயிறுகள்தான், ஓகஸ்ட் வரைக்கும். சும்மா ஒரு சிநேக ஆட்டம் ஆடக்கூட ஒரு நாள் விடவில்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. அட்டவணை வாட்ஸப்பில் வந்து விழுந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் ஆட்டக்காரர் பெரும்பாலும் ஆற்றுக்குத் தெற்கே மிச்சம், குரோய்டன் என்ற ஊர்களில் இருக்கிறார்கள். முந்தி அணியின் முகவரி எங்கள் முகாமையாளர் ராசன் அண்ணையின் மிச்சம் வீடு. பதிவுப் படிவத்தை இம்முறை நிரப்பியவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கே முதலில் போனவன் நான், ஊரில் பத்து வீட்டுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த கை இது. கடிதம் தவறக்கூடாதென்று ஆற்றுக்கு வடக்கே இருக்கும் என் பிளேஸ்டோ அறையின் முகவரியைப் போட்டேன். கமிட்டி அந்த அஞ்சல் குறியீட்டைப் பார்த்து எங்களை வடக்கே தள்ளிவிட்டது. முகவரிதான் அணியின் தலையெழுத்து என்று படிவத்தில் ஒரு மூலையிலும் இருக்கவில்லை. விளக்கி எழுதினேன், மறுமொழி இல்லை. ராசன் அண்ணை என்னைக் குறை சொல்லவில்லை. "ஆட்டம் இல்லாட்டியும் தோத்தது தோத்ததுதான். நீ போய்க் கட்டிப்போட்டு வா" என்றார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

8.55, பேங்க். பிளேஸ்டோவில் ஏறிய ரயிலை விட்டு நொதர்ன் லைனுக்கு மாற இங்கே நிலத்துக்கடியில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ரயிலில் எதிரே இருந்த பெரியவர் பையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மீன் பிடிக்கப் போறீங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். மலேசியத் தமிழர். படிக்க வந்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டாராம். கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"என் மகன் அமெரிக்காவுல படிச்சான். அங்க காலேஜ் ஃபுட்பால்லயும் இதே கதைதான். டிவி பணம் எங்க அதிகமோ அந்தக் கூட்டத்துல போய்ச் சேந்துக்கிறாங்க. நூறு வருசமா பக்கத்து ஊரோட ஆடினத விட்டுட்டு, நாட்டோட அந்தக் கோடிக்குப் பறந்து போய் ஆடுறாங்க. என் மகன் டிக்கெட் வாங்கறதையே விட்டுட்டான்."

"ஒருத்தரும் எதிர்க்கேல்லையா?"

"எல்லாரும்தான் எதிர்த்தாங்க. அட்டவணை போடுறவங்க டிக்கெட் வாங்கி உக்காந்து பாக்கறவங்க இல்லையே."

அந்தப் பெரிய தேசத்தின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கே இந்தக் கதி என்றால், வான் ஓட்டிகளும் கடைக்காரரும் ஷிப்ட் மாற்றி வந்து ஆடும் எங்களுக்கு யார் அழப்போகிறார்கள்? எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

9.40, டூட்டிங் புரோட்வே. ஒரு மட்டன் ரோல், ஒரு பிளேன்ரீ. இரண்டு பவுண் எண்பது. மைதானத்துக்கு பஸ் ஒரு பவுண் எழுபத்தைந்து. வழக்கமாக இந்த ஞாயிறு இந்தக் கடையில் நிற்க இடமிராது. செவன் கிங்ஸிலிருந்தெல்லாம் வான் பிடித்து வருவார்கள், பந்தென்றால் என்னவென்று தெரியாதவர்களும் வருவார்கள். ஊரில் கல்லூரி ஆட்டங்களுக்கு ஊதித் தட்டும் பப்பரே வாத்தியம் தெருவிலேயே தொடங்கிவிடும். இன்று கடைக்காரர், "ஏன் தம்பி, மட்ச் தள்ளிப் போட்டாச்சோ?" என்று கேட்டார்.

10.25, மைதானம். கம்பங்கள் மட்டும் கவுன்சிலுடையவை, வலை நாங்கள் கொண்டுபோக வேண்டும். அங்காலப் பக்கத்தார் இன்று மோதப்போவது ஹேஸ்டிங்ஸிலிருந்து வந்த ஓர் அணியோடு. முன்பின் பார்த்திராத முகங்கள். அவர்களைத் திட்டக்கூட ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பார்க்க வந்தவர்களை எண்ணினேன், பதினாலு பேர்.

என்னையும் பையையும் கண்ட அவர்களுடைய கோல்காப்பாளர் தேவன் அண்ணை, தொழில் டாக்ஸி ஓட்டுவது, கையுறையைக் கழற்றினார்.

"தோத்த பக்கம் வந்திட்டுதடா. ஏணியைக் கொண்டு வாங்கோ."

நான் ஏறினேன். ஏணி ஆடியது, பேசாத பேச்செல்லாம் பேசினார்கள். என் முடிச்சைப் பார்த்து, உங்கட கல்லூரியில் சப்பாத்துக் கட்டவும் படிப்பிக்கேல்லையோ என்று ஒருவர் கேட்டார். காலையிலிருந்து முதல் தடவையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

12.30. அவர்கள் நாலுக்கு ஒன்று என்று வென்றார்கள். ஒருவரும் துள்ளவில்லை. நான் வலையை அவிழ்க்கப் போக, தேவன் அண்ணை தடுத்தார்.

"பொறு தம்பி. இண்டைக்கு நாங்கள் உங்களோட ஆடேல்லை. அப்ப வாற வருசம் ஆர் கட்டுறது?"

நான் ஆட்டமே இல்லையே என்றேன்.

"அதைத்தான் கேக்கிறன். இதை இப்பிடியே விட்டால் வழக்கம் இண்டையோட அறுந்து போகும். உன்ர கல்லூரியில இருந்து நீ ஒருத்தன் வந்திருக்கிறாய். அது காணும். ஆளுக்கு ஒரு பெனால்டி."

எனக்கு உதைக்கத் தெரியாதென்று சொல்லிப் பார்த்தேன். உங்கட பக்கத்தில் ஆருக்குத்தான் தெரியும் என்றார்கள். பதினாலு பேரும் கோலுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள், ஹேஸ்டிங்ஸ்காரரும் வந்தார்கள். யாரோ ஐஸ்பெட்டி மூடியில் பப்பரே தட்டினார்.

என் முழுப் பலத்தையும் சேர்த்து உதைத்தேன். விட்டுக்கொடுத்தேன் என்று ஒருவரும் எழுதக்கூடாது. பந்து தேவன் அண்ணையின் முழங்காலில் பட்டுத் திரும்பியது. அடுத்து நான் கோலில் நின்றேன். அவர்களில் ஒருவர் உதைத்த பந்து என் இடப்பக்கத்தால் போய், நானே கட்டிய வலையில் விழுந்தது. முடிச்சு தாங்கியது.

2.15, திரும்பும் ரயில். பை மடியில். ஏறும் முன் ராசன் அண்ணைக்குப் போன் அடித்தேன். லூட்டனில் பதினொரு பேர் சேராமல் பத்துப் பேரோடு ஆடி, ஐந்துக்குப் பூச்சியம் என்று தோல்வி. அவருடைய குரலில் உயிரில்லை.

"வலை கட்டினியா?"

"கட்டினன் அண்ணை. பிறகு தோத்துப் போனன்."

"எதில தோத்தனி?"

சொன்னேன்.

"அப்ப வாற வருசமும் நாங்கள்தான் கட்டவேணும்."

"ஓம்."

"அப்ப ஆட்டம் இருக்குத்தானே. கமிட்டிக்குத் திருப்பி எழுது. என்ர மிச்சம் அட்ரஸைப் போடு."

ஊரில் அந்தத் தெருவைக் கடக்க நாற்பது அடி. இங்கே ஓர் ஆறும் ஒரு கமிட்டியும் குறுக்கே கிடக்கின்றன. வலை என்னிடம் இருக்கிறது. கடிதத்தின் முதல் வரியை ரயில் பேங்க் வருவதற்குள் எழுதிவிட்டேன்: 'இந்த ஞாயிறு நாங்கள் அங்காலப் பக்கத்தாரிடம் ஒன்றுக்குப் பூச்சியம் தோற்றோம். தயவுசெய்து பதிந்துகொள்ளவும்.'