அரை ஊசி

மெயின்லேண்டில் மருந்துக்கடை வைக்க மருந்துகளின் பெயர் தெரிந்தால் போதும். அந்தமானில் கப்பல்களின் பெயரும் தெரிய வேண்டும். இங்கே டாலிகஞ்சில் கடை வைத்திருக்கிறேன். மருந்துக்காகக் காத்திருந்து அலுத்தவர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

பாட்டில் இல்லை

கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டும் ராசையா, மனைவி புஷ்பத்துக்கு இன்சுலின் வாங்கக் கப்பலேறி வந்தார். அவர் கேட்ட பாட்டிலை வெளிநாட்டுக் கம்பெனி நிறுத்திவிட்டது. இனி பேனா மாதிரி ஊசிதான். அதுவும் சென்னையிலிருந்து வரவேண்டும். வேறு கம்பெனி சரக்கும் அன்று கையில் இல்லை. வீட்டில் அரை பாட்டில்தான் மிச்சம், திரும்பும் கப்பலோ மறுநாள். வந்ததும் கொடுத்தனுப்புகிறேன் என்றேன். படியிறங்கும்போது கேட்டார்: "கச்சாலுன்னு ஒரு எடம் இருக்கிறது அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியுமா, பாய்?"

மீன் ஃப்ரீசர்

போகிறவர் கையில் பார்சல் கொடுப்பது இங்கே வழக்கம். பேனா வந்ததும் ஹேடோ ஜெட்டியில் கச்சால் கப்பலேறும் ஒரு பெங்காலி மெக்கானிக்கைப் பிடித்து, "தண்டா ரக்னா", குளிர்ச்சியாக வைத்துக்கொள் என்று கொடுத்தேன். நல்ல மனுஷன். சூடே படக்கூடாதென்று கப்பல் சமையற்கட்டில் கெஞ்சி, மீனோடு ஃப்ரீசரில் வைத்துவிட்டார். உறைந்த இன்சுலின் எதற்கும் உதவாது. அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. புஷ்பம் மிச்ச மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்கிறார் என்று கேட்டு, சென்னைக்கு மறுபடி ஆர்டர் போட்டேன். கல்லாய் உறையவைத்த பெருமையில் மெக்கானிக் போன் செய்தார்: "ஏக்தம் பத்தர் கர்கே லாயா, பாய்!"

ஆறும் வேண்டும்

மறுபடி ஆறு பேனா வந்தது. அன்றே, ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் டாக்டர் சீட்டோடு வந்து ஆறையும் கேட்டார். ஊர் சுற்ற வந்தவருக்கு ஆறு எதற்கு என்று எனக்குச் சுள்ளென்று கோபம். புஷ்பத்தின் கதையைச் சொன்னேன். தன் ஊரில் விலை கட்டுப்படியாகாமல் தானும் பாதிதான் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கேட்டார்: "எனக்கு நாளைக்கு விமானம் இருக்கிறது. அவருக்கு அடுத்த கப்பல் எப்போது?"

புஷ்பம் பேசினார்

மீதி ஐந்தையும் கச்சாலுக்குப் போகும் நர்ஸிடம் கொடுத்தேன், ஃப்ரீசர் பக்கமே போகாதீர்கள் என்று மூன்று தடவை சொல்லி. நாலைந்து நாள் கழித்துப் புஷ்பமே போனில் வந்தார். முழு ஊசி போட்டதும் தலைசுற்றல் நின்றுவிட்டதாம். வெள்ளைக்காரப் பெண்மணியைப் பற்றிச் சொன்னேன். உடனே கேட்டார்: "அவங்களும் அரை ஊசிதானா? பாவம். அவங்க ஊருக்கும் கப்பல் ஒழுங்கா வர்றதில்லையா, பாய்?"

எந்த மருந்து எந்தக் கப்பலில் வரும் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிற நான் சொன்னேன்: "கப்பலெல்லாம் ஒழுங்காத்தான் வருது. வெலதான் எறங்க மாட்டேங்குது."