கன்னத்தில் குச்சி விட்ட காலம்

ஆண்களை மட்டும் தேடிப் போய், வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பதும் ஒரு வேலைதான்; 2005-இல் விலங்கியல் பட்டத்தோடு ஒரு மரபணு ஆய்வகத்துக்காக அதைத்தான் செய்தேன். சொட்டு மருந்துக்கும் கணக்கெடுப்புக்கும் வீடு வீடாக அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

குரங்குக்கு அப்புறமா?

கூனிமேட்டில் டீக்கடை வைத்திருந்த ரஹீம் பாயிடம் பொறுமையாக விளக்கினேன். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. ஒரு காலத்தில் அதில் நிறைய மரபணுக்கள் இருந்தன, பெரும்பாலானவை அழிந்துவிட்டன. மிச்சத்திலும், மனிதனிடம் நன்றாக இருக்கும் சில, சிம்பன்சியிடம் பழுதாகிக் கிடக்கின்றன. ஏன் என்று பார்க்கத்தான் மனிதன், குரங்கு என்று இரண்டு பக்கமும் மாதிரி எடுக்கிறோம் என்றேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, குச்சியைப் பார்த்தபடி பாய் சொன்னார்: "எனக்கு முன்னாடி இத எந்தக் குரங்கு வாய்ல வுட்டீங்க? அத மொதல்ல சொல்லுங்க."

குடிதண்ணீர்

வெற்றிலை போட்ட வாயில் மாதிரி எடுக்க முடியாது. மரக்காணம் உப்பளத்தில் சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் அத்தனையும் உப்பு. குடிக்கிற தண்ணீர் ஊரிலிருந்து குடத்தில் வர வேண்டும். கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் வானூர்க்காரனான எனக்கு அது உறைக்கவில்லை. வெற்றிலை மென்றபடி உப்பு வாரிக்கொண்டிருந்த சேகரிடம், "இன்னொரு வாட்டி கொப்பளிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். காலிக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டி, குச்சி போட்டு வைக்கும் என் டப்பாவைப் பார்த்து அவர் கேட்டார்: "இன்னா சார், மத்தியானம் தாகம் எடுத்தா உன் பட்டணத்து டப்பாவையா குடிக்கிறது?"

செல்வி கேட்டது

சேகரின் மனைவி செல்வி அங்கேயே உப்புக் கூடை சுமந்தார். குழந்தை இல்லை. மாமியார், மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார். "புள்ள இல்லாததுக்குக் காரணம் இதுல தெரியுமா சார்?" என்றார் செல்வி.

சில சமயம் தெரியலாம். விந்து உண்டாகத் தேவையான சில மரபணுக்கள் ஒய்யில் இருக்கின்றன. மற்ற குரோமோசோம்களைப் போல ஒய்க்கு ஜோடி கிடையாது. அதனால் முக்கியமானவற்றுக்குத் தனக்குள்ளேயே நகல் வைத்துக்கொண்டு, ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிசெய்கிறது. அந்த ஏற்பாடே பிசகி, சில ஆண்களிடம் ஒரு துண்டு கழன்றுபோவதும் உண்டு. சேகரிடம் அப்படி இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எனக்கு எல்லா டெஸ்ட்டும் ஆச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அந்த மனுஷனத்தான் இட்டுனு போவ முடியல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

மேலிடம்

சேகரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதான் ஒனக்கு வாயத் தொறந்து காட்டிட்டனே" என்று போய்விட்டார்.

எங்கள் ஆய்வகத்தில் மாதிரிக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருக்கும் தனியாக முடிவு சொல்வதில்லை; அதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்குவோம். நல்ல விதிதான். ஆனாலும், சேகர் கேட்டால் அவருக்கு மட்டுமாவது சொல்லலாமா என்று மேலதிகாரியிடம் போய் நின்றேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், ஒப்பந்த வேலை வேறு. கேள்வியைப் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "தம்பி, நமக்கு வேலை பரிணாமம். வைத்தியம் இல்ல."

மழைக்குப் பிறகு

மழை முடிந்து நான் மறுபடி மரக்காணம் போனபோது, உப்புப் பாத்திகளைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். கூடை சுமப்பவர்களில் செல்வி இல்லை. சேகர் வீட்டுக்குப் போனேன். புதுத் தாலியோடு ஒரு பெண் மோர் கொண்டுவந்து வைத்தாள். செல்வி எங்கே என்று கேட்டேன்.

"அவ அம்மா வூட்டுக்கே போயிட்டா" என்றார் மாமியார், வருத்தமாகத்தான். "எம் புள்ள மேல கொற இல்ல தம்பி. நீங்கதான் அம்மாம் பெரிய டெஸ்ட்டு எடுத்துனு போனீங்களே. இருந்தா வந்து சொல்லியிருக்க மாட்டீங்களா?"

கோடிக்கணக்கான வருஷங்களில் ஆண்களிடமிருந்து என்னென்ன தொலைந்தது என்று தேடி வந்த நாங்கள், ஒரு வார்த்தையும் பேசாமலேயே ஓர் ஆணுக்குக் குறையில்லை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போயிருந்தோம்.