மதில்களை மட்டும் நம்பிய பல்செட்காரர்

பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் அந்த மனிதருக்கு நண்பர்கள் வைத்த பெயர் வியூகம். அவர்கள் வைத்தது கேலிக்கு. அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஸ்டேஷனரி கடையின் மாடி அறையில் நாலு பேர் கூடுவார்கள்: கடைக்காரர், பஸ் டிரைவர், ஒரு கணக்கு டீச்சர், வியூகம். ஆளுக்கு அறுபது கார்டு, ஆளுக்கு நாற்பது உயிர். கார்டுகளில் டிராகன், மந்திரவாதி, எலும்புக்கூட்டுப் படை என்று சகலமும் இருக்கும். அவற்றை ஏவி அடுத்தவர் உயிரைப் பூஜ்ஜியமாக்கினால் அவர் அவுட். கடைசிவரை மிஞ்சுபவருக்கு வெற்றி. மூன்று பிள்ளை பெற்ற டிரைவர், "என் பிசாசு உன் பூதத்தைத் தின்னுடுச்சு" என்று சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் பெருமை, பிள்ளைகள் பாஸானபோதுகூடத் தெரிந்ததில்லை.

வியூகத்தின் கார்டுக் கட்டில் மதில், அகழி, இரும்புக்கதவு, அசையாத கல்பூதம், இவ்வளவுதான். நாலு பேர் ஆட்டத்தில் யார் பலசாலியாகத் தெரிகிறாரோ அவரைத்தான் மற்ற மூவரும் சேர்ந்து அடிப்பார்கள், ஆகவே ஒன்றுமில்லாதவன்போல் மூலையில் கிடக்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். இதை இருநூறு பக்க நோட்டில் அம்புக்குறிகளோடு எழுதி வைத்திருந்தார். கேட்டவர்களுக்கு விளக்குவார். கேட்காதவர்களுக்குக் கொஞ்சம் நீளமாக விளக்குவார்.

ஆறு வருஷத்தில் அவர் முதல் ஆளாக அவுட் ஆனதே இல்லை. ஜெயித்ததும் இல்லை. மற்ற இருவர் விழுந்து முடிப்பதற்குள், மிஞ்சிய ஒருவரின் படை ஊதிப் பெருத்து மலைபோல் நிற்கும். பிறகு மதில்கள் தவிடுபொடியாகும். எப்போதும் இரண்டாமிடம். அதையும் அவர் வீட்டில் வெற்றிச் செய்தியாகத்தான் சொல்வார். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னாள்: "நீங்க ஜெயிக்க விளையாடல. கடைசியா சாகத்தான் விளையாடுறீங்க." அது ஆழமான கருத்து என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

அவர் வேலை பார்த்த பல்செட் லேபிலும் அதே வியூகம்தான். மேனேஜர் நாற்காலி காலியானபோது இரண்டு சீனியர்கள் அதற்காக முட்டிக்கொண்டார்கள். இவர் மெழுகில் பல் செதுக்கியபடி வாய்மூடி இருந்தார். இருவரும் சண்டையில் வேலையை விட்டே போனார்கள். கணக்குச் சரியாக வந்ததென்று இவர் உள்ளுக்குள் பூரித்த அதே வாரம், முதலாளி தன் மருமகனைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். டைல்ஸ் விற்றுக்கொண்டிருந்த மருமகன் அதுவரை பல்லைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்தவர்.

டீச்சருக்கு மாற்றல் வந்து மாடி அறையில் ஓர் இடம் காலியானது. கடைக்காரர் யாரையோ பிடித்து வந்தார். படியேறி வந்தவர் அந்த மருமகன்தான்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் மருமகன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவர் ஏன் யாரையுமே அடிக்க மாட்டேங்கிறார்? எதையோ ஒளிச்சு வெச்சிருக்கார். முதல்ல இவரை முடிச்சிடலாமா?" என்று கேட்டார். ஆறு வருஷமாக இந்த எளிய கேள்வி யாருக்கும் தோன்றவில்லை என்பதில் மற்ற இருவருக்கும் சற்று வெட்கமாகக்கூட இருந்தது. இரண்டே முக்காலுக்கு வியூகம் அவுட். மீதி இரண்டு மணி நேரம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தன்னை அடித்தது ஏன் தவறான உத்தி என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அவமானம் அவரை உலுக்கிவிட்டது. மறுவாரம் மதில்களில் பாதியைக் கழற்றினார். டிரைவரின் டிப்போவுக்கே போய் உடன்படிக்கை செய்தார்: இருவரும் ஒருவரையொருவர் தொடக்கூடாது, சேர்ந்து மருமகனை வீழ்த்த வேண்டும். டிரைவர் கைகொடுத்தார்.

ஞாயிறு நாலு மணிக்குக் கடைக்காரர் அவுட். மருமகனிடம் ஒன்பது உயிர் மிச்சம். வியூகத்தின் கையில் 'தீமழை' என்ற கார்டு. யாரைக் காட்டிப் போடுகிறோமோ அவருக்குப் பத்து உயிர் போகும். டிரைவர் கண்ணால் ஜாடை காட்டினார். வியூகம் கார்டைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாளைக் காலை வேலைப் பங்கீடு போடணும் என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

தீமழை டிரைவர் தலையில் பெய்தது. எட்டு உயிரோடு இருந்தவர் அங்கேயே முடிந்தார். அடுத்த இரண்டு சுற்றில் வியூகத்தின் கதையும் முடிந்தது.

டிரைவர் தன் கார்டுகளை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, எழுந்தார். "இங்கேயும் உனக்கு அவர் மேனேஜர்தானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

திங்கட்கிழமை மருமகன் கூப்பிட்டனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரியின் ஆர்டர் வந்திருப்பது வியூகத்துக்குத் தெரியும். விசுவாசத்துக்குக் கூலி கிடைக்கப்போகிறது என்று சட்டையில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் தூளைத் தட்டிக்கொண்டு போனார்.

"நேத்து அந்தக் கார்டை என் மேல போட்டிருந்தா நான் காலி. தெரியும்தானே அண்ணா?"

"தெரியும் சார்."

"கையில இருக்கிறதைப் போடவே பயப்படுறீங்க. உங்களை நம்பி இவ்வளவு பெரிய வேலையை எப்படிக் கொடுக்கிறது?" என்று சொல்லி, வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான பெண்ணிடம் ஆர்டரைக் கொடுத்தார். அவள் கேட்டிருந்தாள், அதுதான் அவள் செய்த ஒரே வியூகம்.

டிரைவர் மூன்று வாரம் மாடி அறைக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. நாலாவது வாரம், டிரைவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, வியூகம் கடைசி நிறுத்தம் வரை போனார். நோட்டிலிருந்து ஒரு வரியும் உதவிக்கு வரவில்லை. பஸ் காலியானதும், "தப்பு என்னோடதுதான். பயந்துட்டேன்" என்றார். தன் செயலைப் பற்றி அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது அன்றுதான்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். "டிக்கெட் எடுத்தியா?"

"எடுத்தேன்."

"சரி. ஞாயித்துக்கிழமை வர்றேன். உன்னைத்தான் முதல்ல அடிப்பேன்."

சொன்னபடியே அடித்தார். இருபது நிமிஷத்தில் வியூகம் ஸ்டூலுக்கு வந்துவிட்டார். கடைக்காரரும் அவுட் ஆனபின் டிரைவரும் மருமகனும் ஐந்து மணிவரை மோதினார்கள். இடையிடையே வியூகம் டிரைவரின் காதில் யோசனை சொன்னார். டிரைவர் ஒன்றையும் கேட்கவில்லை, ஜெயித்தார்.